ஐப்பசியில் காய்ந்த வேட்டி

மலையடிவாரத்தில், ஓடைக்கு அக்கரையில் ஒரு சிறு மடம் இருந்தது. யானையும் பல்லக்கும் வைத்திருக்கிற பெரிய மடம் அல்ல. ஒரு குரு, இரண்டு மூன்று துறவிகள், பாட்டும் படிப்பும் கற்க வந்த பிள்ளைகள், எல்லோருக்கும் சமைத்துப் போடுகிற சொக்கையா, அவ்வளவுதான். குருவுக்கு நீளமாக ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய்விடுவார் என்பதால் எல்லோரும் சாமி என்றே கூப்பிட்டார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த வருஷம் சிற்றம்பலத் தம்பிரானிடம் வந்தது. காவி கட்டிய சீடரை அங்கே தம்பிரான் என்பார்கள். இவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. சுத்தத்தில் மட்டும் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. தம்பிரான் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஈ உட்காரவும் யோசிக்கும் என்பார் சொக்கையா.

பிள்ளைகளுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினாறுவரை வயது. அது ஒரு வயது. நேற்றுவரை பால்மணம் மாறாமல் இருந்த உடம்பு திடீரென்று தனக்கென்று ஒரு வாடையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். குரல் உடையும், மேலுதட்டில் பூனைமயிர் அரும்பும், அக்குளில் வேர்த்துக் கொட்டும். இதில் வேடிக்கை, அந்த வாடை உடையவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் படுக்கிற கூடத்தின் கதவைத் திறந்த முதல் நாளே தம்பிரானுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அவர் சும்மா இருப்பாரா? கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி என்று ஆரம்பித்து ஓர் ஒழுங்கு போட்டார். விடியுமுன் கிணற்றடியில் ஒரு குளியல், உச்சிப் பூசைக்கு முன் ஒன்று, விளக்கேற்றும் நேரத்தில் இன்னொன்று. குளித்ததும் கட்டியிருக்கிற வேட்டியையே பிழிந்து கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஈரம்தான் மடி, மடிதான் சுத்தம். கருவறையில் பூசை செய்கிறவர் ஈரத்துணியோடு நிற்பது அந்த மடத்தின் பழைய வழக்கம். தினமும் பூசை செய்கிற தம்பிரானும் அப்படித்தான் நின்றார். பூசை செய்கிறவருக்கு நல்லது பிள்ளைகளுக்கு மட்டும் ஆகாமல் போகுமா என்று தம்பிரான் நினைத்தார். குளிக்காதவனைக் கண்டுபிடிப்பதும் இதில் சுலபம். வேட்டியைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

சித்திரையில் இந்த ஒழுங்கைப் போட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. கட்டி முடிப்பதற்குள் வேட்டி காய்ந்திருக்கும். அவர் போட்டது ஐப்பசியில். மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மடத்துச் சுவரே வேர்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் பிள்ளைகள்தானே. குளிருக்குப் பயந்து சீக்கிரமே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தலையில் ஒரு செம்புத் தண்ணீர், வேட்டியின் முன்கொசுவத்தை மட்டும் வாளியில் ஒரு முக்கு, விபூதியைக் குழைத்து நெற்றி நிறையப் பட்டை. முடிந்தது குளியல். தம்பிரான் தொட்டுப் பார்ப்பது முன்பக்கத்தைத்தான் என்பதை முதலில் கவனித்தவன் ஆவுடையப்பன். அந்தக் கலையில் மற்றவர்களுக்கெல்லாம் அவன்தான் ஆசான்.

சொன்னபடி செய்தவன் ஒரே ஒருவன். மாசிலாமணி என்று பெயர். தாயில்லாத பையன். அப்பா வாழைத்தோப்பில் காவல் இருக்கிறவர். மடத்தில் கொண்டுவந்து விட்டபோது, தம்பிரான் சொல்லைத் தட்டாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனும் தட்டவில்லை. மூன்று வேளையும் தலையோடு ஊற்றிக்கொண்டான், பிழிந்தான், கட்டினான். படுக்கும்போது மாற்றிக்கொள்கிற இன்னொரு வேட்டியும் காயாமல்தான் கிடந்தது. மழைக்காலத்தில் துணி துவைக்கிறவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். துவைக்காத துணியின் நாற்றத்தை விடக் காயாத துணியின் நாற்றம் பொல்லாதது.

ஒரு சாயந்தரம் பதிகம் பாடிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணிக்கு அப்போதுதான் குரல் உடைந்து, கீழ்ச்சுருதியில் நல்லதாக ஓர் இடம் பிடித்திருந்தது. அவன் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வது வழக்கம். வரிசையை ஒட்டி நடந்துவந்த தம்பிரான் அவன் பக்கத்தில் நின்றார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பேரு மட்டும் மாசிலாமணி" என்றார்.

அவர் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. நாக்கில் வந்தது, விட்டுவிட்டார். கூடமே சிரித்தது. சோற்றுக்கு உட்காருவதற்குள் அவனுக்கு மாசுமணி என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு மாசிலாமணி கூடுதலாக ஒரு வேளை குளித்தான். சாரல் அடிக்கிற பின்கதவு ஓரத்தில் போய்த் தனியாக உட்கார்ந்தான். பதிகத்தில் உதடு மட்டும் அசைந்தது. ஒரு நாள் தம்பிரானிடம் வந்து, ஓடையில் வெள்ளம் வடிந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று மரியாதையாகச் சொன்னான். ஓடையின் நடுவே நந்திப்பாறை என்று ஒன்று உண்டு. அதன் முதுகு வெளியே தெரிந்தால் இறங்கிக் கடக்கலாம். பையன் காலையும் மாலையும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

தம்பிரானுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியிடம் போனார்.

"சாமி, இந்த வயசுப் பிள்ளைகளைச் சுத்தமா வெச்சிருக்க என்ன வழி?"

சாமி பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். "நீ என்ன செஞ்சே?"

தம்பிரான் தன் ஒழுங்கைச் சொன்னார். பெயரைச் சொல்லிக் கேலி செய்ததையும், பையன் போகப் போவதையும் மறைக்காமல் சொன்னார்.

"போனா போகட்டுமே" என்றார் சாமி.

"போகக் கூடாது சாமி."

"ஏன்?"

"நாத்தம் அடிச்சது உண்மை. ஆனா நான் சொன்னதுக்கப்புறம் அவன் பாடுறதை நிறுத்திட்டான்."

சாமி கையிலிருந்த கடலையை வாயில் போட்டுக்கொண்டார். ஒழுங்கை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. நாளையில இருந்து நானும் அப்படியே இருந்து பாக்கேன்."

தம்பிரான் நெகிழ்ந்துபோனார். சாமி அதுவரை தினமும் ஒரு வேளை வெந்நீரில் குளித்துக் காய்ந்த வேட்டி கட்டுகிறவர். குருவே தன் ஒழுங்கை எடுத்துக்கொண்டார் என்றால் பிள்ளைகளும் பார்த்துத் திருந்துவார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பினார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதே அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் விடியுமுன் சாமி கிணற்றடிக்கு வந்தார். தலையோடு ஊற்றிக்கொண்டார், பிழிந்து கட்டினார். உச்சியில் ஒன்று, விளக்கேற்றும்போது ஒன்று. அடுத்த நாளும் அப்படியே. மழையும் அப்படியே. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் சாமி இருக்கிற அறை வாசலில் காலை வைத்ததும் தம்பிரான் நின்றுவிட்டார். பின்கதவு ஓரத்தில் அடித்த அதே நாற்றம்.

தினமும் சாமிக்கு நூல் வாசித்துக் காட்டுவது தம்பிரானின் வேலை. அன்று வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கிட்ட வா. எனக்குக் காது மந்தம்" என்றார் சாமி.

கிட்டப் போனார். இன்னும் கிட்ட என்றார் சாமி. தம்பிரான் ஒரு வரி வாசிப்பார், முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குவார், அடுத்த வரி வாசிப்பார்.

"என்ன, மூச்சை அடக்குதே? பிராணாயாமமா?"

"ஆமா சாமி."

பொய் சொல்லிவிட்டோமே என்று வெளியே வந்து தலையில் குட்டிக்கொண்டார்.

அறையில் சாம்பிராணி போட்டார். சாம்பிராணியும் ஈரமும் கலந்து மூன்றாவதாக ஒரு வாசம் பிறந்தது. கற்பூரம் ஏற்றினார், மல்லிகை வைத்தார். ஒன்றும் எடுபடவில்லை. மற்றத் துறவிகள் தம்பிரானைப் பார்த்தார்கள். நீ போட்ட ஒழுங்கு, நீதான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

சொல்வதுதான் எப்படி? குருவிடம் போய், உங்கள் மேல் நாற்றம் அடிக்கிறது என்று சொல்கிற சீடன் பிறந்திருக்கிறானா? தம்பிரான் தோட்டத்தில் நடந்து நடந்து வாக்கியம் கட்டிப் பார்த்தார். தங்கள் திருமேனியிலிருந்து என்று தொடங்கினால் முடிக்கத் தெரியவில்லை. பழைய நூல்களில் நாற்றம் என்றால் நறுமணம்தான், அந்தச் சொல்லையே வைத்துத் தப்பித்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தார். படித்த புத்தி அப்படித்தான் போகும். எப்படிச் சுற்றினாலும் வாக்கியத்தின் கடைசியில் ஒரு மனிதர் தலைகுனிய வேண்டியிருந்தது. அந்தத் தலை சாமியுடையது என்று நினைத்ததும் தம்பிரான் வாக்கியத்தையே விட்டுவிடுவார். சொன்னால் நோகும், பேசாமல் இருந்துவிடலாம் என்று வாசிப்பை முடித்து எழுந்துகொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு நாள் வாசிக்கும்போது சாமி இடுப்பைச் சொறிந்தார். வேட்டி சற்று விலகிய இடத்தில் சிவப்பாக வட்டம் வட்டமாகப் படை பிடித்திருந்தது. ஓர் இடத்தில் ரத்தம் பொட்டு வைத்திருந்தது. தம்பிரானுக்கு வாசிப்பு நின்றுபோயிற்று. வெட்கம், மரியாதை, வாக்கியம் எல்லாம் போய்ப் பயம் ஒன்றுதான் மிஞ்சியது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாசிலாமணியும் இடுப்பில் கை வைத்தபடியேதான் நின்றான். பாடும்போது கையைச் சும்மா வை என்று இவர்தான் அதட்டினார்.

சாமிக்கு வெந்நீர் கேட்கலாம் என்று மடைப்பள்ளிக்கு ஓடினார். உள்ளே நுழைந்த வேகத்தில் நெற்றியில் ஒரு மூங்கில் கழி இடித்தது. அடுப்புக்கு மேலே குறுக்காகக் கட்டிய கழி. அதில் அவருடைய காவி வேட்டி தொங்கியது. தொட்டுப் பார்த்தார். அப்பளம் மாதிரி காய்ந்து, கதகதப்பாக இருந்தது.

"இது எப்ப இருந்து இங்க?"

சொக்கையா ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தார். "மழைக்காலத்துல வேற எங்க காயும் தம்பிரான்?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

தம்பிரான் அந்த வேட்டியைப் பிடித்தபடி நின்றார். பூசையின்போது அவரும் ஈரத்தில்தான் நின்றார். பூசை முடிந்ததும் கையை நீட்டினால் காய்ந்த வேட்டி இருந்தது. தினமும் இருந்தது. அது எப்படி வந்தது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. வழக்கத்தில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

தன் வேட்டியைக் கழியிலிருந்து எடுத்தார். சாமியின் மாற்று வேட்டியைக் கொண்டுவந்து வெந்நீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து அங்கே போட்டார். புகை கண்ணைக் கரித்தது. திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நின்றார். சொக்கையாவைக் கேட்டுப் படைக்குப் பூசுகிற சீமை அகத்தி இலையைத் தேங்காயெண்ணெய் விட்டு அரைத்துக்கொண்டார். சாமியின் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனார். இந்தத் தடவை கூப்பிடுவதற்கு முன்பே கிட்டப் போய் உட்கார்ந்தார்.

"சாமி, மழையில துணி காயல. ஈரம் உடம்புலயே நின்னு வாடை பிடிச்சிட்டு, படையும் வந்திட்டு. தப்பு நான் போட்ட ஒழுங்குல. இது காய்ஞ்ச வேட்டி. மாத்திக்கிடுங்க. மருந்தும் கொண்டாந்திருக்கேன்."

சொல்லி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கும் யாரும் தலைகுனியவில்லை.

சாமி உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். காய்ந்த துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நல்ல வெயிலில் உட்கார்ந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது.

"நல்லாச் சொன்னே" என்றார். "இப்படிச் சொல்லுறதுக்கு, எதிர்ல இருக்கிறவனுக்கு எத்தனை வயசு ஆகியிருக்கணும்?"

தம்பிரான் வணங்கிவிட்டு எழுந்தார்.

அன்று மத்தியானமே மழை நின்று வானம் வெறித்துவிட்டது. நந்திப்பாறையின் முதுகு நனைந்த எருமை மாதிரி கொஞ்சம் தெரிந்தது. பின்கதவு ஓரத்தில் மாசிலாமணி மூட்டை கட்டி வைத்திருந்தான். அவனுடைய மாற்று வேட்டி கூடத்து மூலையில் ஈரமாகக் கிடந்ததை எடுத்துப்போய்த் தம்பிரான் தன் கையால் அலசிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"மாசிலாமணி" என்று கூப்பிட்டார்.

பையன் எழுந்தான். எழுந்ததும் பின்னால் நகர்ந்தான். தன் வாடை அவர்மேல் படக் கூடாது என்று நகர்கிறான் என்பது தம்பிரானுக்குப் புரிந்தது. அவன் நகர்ந்த தூரத்தை அவர் முன்னால் நடந்தார்.

சாமியிடம் சொன்னதையே சொன்னார். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. இந்த வயதில் உடம்பு புதிதாக வேர்க்கும், அது ஒரு குற்றம் இல்லை என்பதை மட்டும் கூடச் சேர்த்துக்கொண்டார்.

"நான் ஒரு தடவை கூட ஏமாத்தல தம்பிரான்" என்றான் பையன்.

"தெரியும். ஏமாத்தியிருந்தா, மத்தவங்களைப் போல உனக்கும் இந்த வாடை வந்திருக்காது."

அவன் வேட்டியை வாங்கிக்கொண்டான். அதன் சூடு கையில் பட்டதும் அழுதுவிட்டான். தம்பிரான் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேட்டி காய்ஞ்சிட்டு" என்றான் அவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பேரு போவுமா?"

"நான் வெச்சது. நான்தான் எடுக்கணும்."

அவன் நம்பினானா தெரியாது. விடிந்ததும் போகிறேன் என்று மட்டும் சொன்னான்.

விளக்கேற்றும் நேரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி வழக்கம்போலக் கதவோரம் இருந்தான். தம்பிரான் வந்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். முன்பக்கத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்படியே திரும்புங்கள் என்றார்.

தம்பிரான் ஒவ்வொரு முதுகாகப் போய் வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பாலை மணல் மாதிரி காய்ந்திருந்தது. ஆவுடையப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அடி விழும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"என் ஒழுங்கை முழுசாச் செஞ்சவன் இங்க ஒருத்தன்தான்" என்றார் தம்பிரான். "நாறுனதும் அவன் ஒருத்தன்தான். அப்போ நாறுனது எது?"

கடைசியில் ஆவுடையப்பன்தான், கண்ணைத் திறக்காமலே, "ஒழுங்கு தம்பிரான்" என்றான்.

முதலில் சிரித்தது தம்பிரான். பிறகு கூடமே சிரித்தது. கதவோரத்திலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது, உடைந்து ஆறிய குரலில். தம்பிரான் அவனை முன்னால் கூப்பிட்டு, எல்லோரும் கேட்க, மன்னிச்சிரு மாசிலாமணி என்றார். அந்த மடத்தில் ஒரு தம்பிரான் பையனிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விளக்கைப் பார்த்தார்கள்.

அன்று பதிகம் பாடவில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தம்பிரான் ஒழுங்கு எதுவும் சொல்லவில்லை. உங்களால் எது முடியும் என்று கேட்டார். அப்படி ஒருவர் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லாததால் முதலில் பெரிய பெரிய வாக்கெல்லாம் கொடுத்தார்கள். ஐந்து வேளை குளிப்பதாக ஒருவன் சொன்னான். தம்பிரான் அவனையே பார்த்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான்.

பிறகுதான் நிஜமான பேச்சு வந்தது. தோட்ட வேலையும் விளையாட்டும் முடிந்து சாயந்தரம்தான் உடம்பு கசகசக்கிறது, அப்போது குளித்தால் தாங்களாகவே குளிப்போம் என்றார்கள். சோப்பு எங்கே போட வேண்டும் என்று ஒருவனுக்குத் தெரியவே இல்லை, முகத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். அக்குளும் தொடையிடுக்கும் கால்விரல் இடுக்கும் என்று தம்பிரான் வெட்கப்படாமல் சொல்ல, அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். விடியற்காலையில் பல் துலக்கி முகம், கை, கால் கழுவி, அக்குளை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும் என்று ஆயிற்று. கோவணத்தைக் குளிக்கும்போதே அலசிவிட வேண்டும், அதைத் தனி வேலையாக வைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள் என்றான் விவரம் தெரிந்த ஒருவன். மடைப்பள்ளியில் இன்னும் இரண்டு கழி கட்டச் சொக்கையா ஒத்துக்கொண்டார். சாம்பாரில் சொட்டாமல் பிழிந்துகொண்டு வந்தால் சரி என்றார்.

"ஒண்ணுமே முடியாத நாள்ல?" என்று கேட்டான் ஆவுடையப்பன். தன்னை அறிந்தவன்.

பழைய தம்பிரானாக இருந்தால் அப்படி ஒரு நாளே கிடையாது என்றிருப்பார். இப்போது யோசித்தார். "அக்குளைத் துடை. கோவணத்தை மாத்து. மத்ததை மறுநாள் பாத்துக்கிடலாம்."

"அது முடியும்" என்றான் அவன், பெரிய மனது பண்ணி.

வேறு ஏதாவது உண்டா என்று தம்பிரான் கேட்டார். அதுவரை பேசாதிருந்த மாசிலாமணி வாயைத் திறந்தான்.

"யாருக்காச்சும் வாடை வந்தா, தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும். காய்ஞ்ச துணியை எடுத்துக்கிட்டுப் போய்ச் சொல்லணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆவுடையப்பன் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினான்.

விடிந்தபோது தம்பிரான் பின்கதவுப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் கிணற்றடியில் பல் துலக்கித் துப்புகிற சத்தம் கேட்டது. அதில் எத்தனை பேர் என்று காதால் பிரித்துப் பார்க்க முயன்று தோற்றுப்போனார்.

பிறகு சில நாள் வெயில் வந்தது, சில நாள் தூறியது. ஒரு பிற்பகல் சாமி கூப்பிட்டு அனுப்பினார். மறுபடியும் வெந்நீரும் காய்ந்த வேட்டியுமாக இருந்தார். இடுப்பில் படை ஆறிக் கறுத்திருந்தது. பொரிகடலையைத் தம்பிரானுக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

"உன் ஒழுங்கு என்னாச்சு?"

"சிறுத்துப்போச்சு சாமி. மூணு குளியல் ஒண்ணாயிட்டு."

"செய்யுதானுகளா?"

"செய்யுதாங்க. நடுநடுவே தவறுது."

"தவறினா?"

"மறுநாள் செய்யுதாங்க."

சாமி கடலையை மென்றார். வெளியே வெளிச்சம் லேசாக மங்கியது. மலைப்பக்கமிருந்து ஒரு குளிர்காற்று வந்தது.

"ஓடையில தண்ணி எப்படி?"

"முழங்காலுக்குக் கீழதான் சாமி. நந்திப்பாறை அடிவரைக்கும் தெரியுது." தம்பிரான் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார். "மாசிலாமணி நேத்து அலசிப் போட்ட வேட்டி கொடியிலதான் கிடக்கு."

சாமி எட்டி வானத்தைப் பார்த்தார்.

"பக்கத்துல என்னதும் கிடக்கும். மழை வருது. ரெண்டையும் சேர்த்து எடுத்துக் கழியில போடு."